வாசகர் கேள்வி - பதில்: படையில் இருந்த ஐயாவுக்கு ஒரு கல்வெட்டு

31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில், படையில் பணியாற்றி, பின் குடும்பத்துக்காகவே வாழ்ந்து மறைந்தவர்களைப் பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம்.

எங்கள் ஐயா 1953 முதல் 1966 வரை தரைப்படையில் இருந்தவர். பிறகு தோட்டமும் பிள்ளைகளும்தான் அவருடைய உலகம். கல்வெட்டில் படை வாழ்க்கையைப் போட வேண்டாம், ஊரில் வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்று தம்பி சொல்கிறார். அம்மா போடத்தான் வேண்டும் என்கிறார்.
- மகள், கொக்குவில்

போடுங்கள். அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் தம்பியின் தயக்கத்தையும் தள்ளிவிட முடியாது. ‘இராணுவத்தில் பணியாற்றினார்’ என்று ஒற்றை வரியில் எழுதினால், யாழ்ப்பாணத்தில் அதைப் படிப்பவருக்கு நினைவுக்கு வருவது உள்நாட்டுப் போர்க்காலம். ஐயா இருந்தது அதற்கு முந்திய படை. 1949 ஒக்டோபர் 10 அன்று ‘சிலோன் ஆமி’ என்ற பெயரில் தொடங்கி, 1972 மே 22இல் நாடு குடியரசானபோது பெயர் மாறிய படை அது. 1955 முதல் 1959 வரை அதன் தளபதியாக இருந்தவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையரும் அவரே. ஆகவே சேர்ந்த ஆண்டு, றெஜிமென்ட் (படைப்பிரிவு), படை இலக்கம், கடைசித் தரம், விலகிய ஆண்டு ஆகிய ஐந்தையும் சேர்த்து எழுதுங்கள். எந்தக் காலத்தில், எந்தப் படையில் இருந்தார் என்பது தெரிந்துவிட்டால் வீண் பேச்சுக்கு இடமில்லை. ஏன் விலகினார் என்பது அவர் வாயால் சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள். நீங்களாக ஊகித்து ஒரு காரணம் சேர்க்க வேண்டாம்.

இந்த ஐந்தும் படையிலிருந்து விலகும்போது கொடுக்கும் விடுகைச் சான்றிதழில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் சம்பளப் புத்தகம், பழைய கடித உறைகள், பென்சன் எடுத்தவரானால் பென்சன் கடிதங்கள் என்று தேடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது படை இலக்கம். பெயர்கள் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்பட்டிருக்கும், ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். இலக்கம் அவர் ஒருவருக்கே உரியது.

இனிக் குடும்பம். பெரும்பாலான கல்வெட்டுகள் சறுக்குவது இங்கேதான். ‘அன்பே உருவானவர், பண்பின் சிகரம், குடும்பத்துக்காகத் தன்னையே உருக்கிக்கொண்டவர்’ என்று எழுதினால் அது எந்த வீட்டு ஐயாவுக்கும் பொருந்தும். அப்படியான வரி உங்கள் ஐயாவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு பெரிய தாளில் மூன்று நிரல் கீறுங்கள். இடப்பக்கம் ஆண்டு, நடுவில் படையில் அவர் இருந்த இடம், வலப்பக்கம் வீட்டில் நடந்தது: கலியாணம், பிள்ளைகள் பிறந்த நாள்கள், காணி வாங்கியது, கிணறு வெட்டியது, யாருக்கு எப்போது பள்ளிக்கூடக் காசு கட்டியது. நிரப்பி முடித்ததும் அவருடைய அன்பு எங்கே இருந்தது என்று தாளே காட்டும். மூத்த பிள்ளை பிறந்தபோது அவர் தியத்தலாவையில் இருந்தார், மூன்று கிழமை கழித்துத்தான் முகம் பார்த்தார் என்பது போன்ற ஒரு செய்தி பத்து அடைமொழிக்குச் சமம்.

அம்மாவிடம் ‘ஐயா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காதீர்கள். ‘நல்ல மனுசன்’ என்பதோடு அழுகை வந்துவிடும். ‘லீவில வந்தா முதல் நாள் என்ன செய்வார்? என்ன வாங்கிக்கொண்டு வருவார்? காசு எப்பிடி அனுப்புவார்? படையில படிச்ச எந்தப் பழக்கத்தைக் கடைசிவரைக்கும் விடேல்லை?’ என்று கேளுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருப்பில் கேட்க வேண்டாம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்தபின் இரண்டு மூன்று தடவையாகக் கேட்டு, கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள்.

சொன்னதை ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். ‘1953இல் யாழ்தேவியில் லீவுக்கு வந்தார்’ என்று அச்சில் வந்துவிட்டால் மற்றப் பக்கங்களையும் வாசகர் நம்பமாட்டார். அம்மாவின் நினைவு பிழையல்ல, ஆண்டுதான் இடம்மாறி இருக்கும். ‘ரயிலில் வந்தார்’ என்று எழுதினால் போதும்.

அம்மப்பா இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் சண்டை பிடித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். கையில் இருப்பது இரண்டு வட்டப் பதக்கங்களும் ஒரு படமும்தான். பதக்கத்தில் பெயர் இல்லை. மினுக்கிப் படம் எடுத்துப் போடலாமா?
- பேரன், பருத்தித்துறை

முதலில், மினுக்க வேண்டாம். பித்தளை மினுக்கும் திரவம் உலோகத்தின் மேற்பரப்பைத் தேய்த்தே எடுக்கும், அரசரின் முகமும் எழுத்தும் மழுங்கிவிடும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். நாடாவைக் கழுவவும் கூடாது, சாயம் ஒன்றிலொன்று ஊறும். உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு, பதக்கத்தை அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டாம், காலப்போக்கில் அது உலோகத்தில் பச்சை படியச் செய்யும்.

பெயர் இல்லாததால் சந்தேகப்படாதீர்கள். அந்தப் போருக்கான பிரித்தானியப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலே கொடுக்கப்பட்டன. எவை என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு பக்கத்தில் முடி சூடிய ஆறாம் ஜோர்ஜ், மறுபக்கத்தில் இரட்டைத்தலை டிராகனின் மேல் நிற்கும் சிங்கம் என்றால் அது 1939-45 போர்ப் பதக்கம். முழுநேரச் சேவையில் 28 நாள் இருந்தவர்களுக்குரியது. அரசரின் தலையில் கிரீடம் இல்லாமல், மறுபக்கத்தில் ஒரு மரமும் இரண்டு பக்கமும் சிங்கங்களும் மேலே கிரீடமும் இருந்தால் அது பாதுகாப்புப் பதக்கம். நாடா நடுவில் செம்மஞ்சள், ஓரங்களில் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு.

பர்மாவில் போரிட்டவர்களுக்குக் கொடுத்தது ஆறு முனை கொண்ட ‘பர்மா நட்சத்திரம்’. அதன் நாடா கருநீலம், நடுவில் அகன்ற சிவப்பு, இரு நீலத்திலும் ஒவ்வொரு செம்மஞ்சள் கோடு. உங்களிடம் அது இல்லை. தொலைந்திருக்கலாம், வாங்காமலே விட்டிருக்கலாம், அல்லது அவர் இலங்கையிலேயே பணியில் இருந்திருக்கலாம். இலங்கைப் பணியும் சும்மா இருந்த பணியல்ல: 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஆகவே ‘பர்மாவில் பணியாற்றியதாகக் குடும்பத்தில் சொல்லப்படுகிறது’ என்று எழுதுங்கள், பதக்கங்களை அவற்றின் சரியான பெயரோடு போடுங்கள். அவருடைய மதிப்பு இதனால் ஒரு துளியும் குறையாது.

ஆவணம் தேடுவதென்றால் அவர் எந்தப் படையில் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இலங்கைக் காலாட்படை, கோட்டைப் பீரங்கிப் படை போன்றவை 1949 வரை இயங்கிய சிலோன் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவை. பிரித்தானியப் படையிலேயே நேரடியாகச் சேர்ந்தவரென்றால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். 1963இன் இறுதிக்குள் சேவை முடித்தோரின் கோப்புகள் 2022 முதல் படிப்படியாக அங்கே மாற்றப்பட்டு வருகின்றன.

படத்தைப் போடுமுன் ஒரு சோதனை. பதக்கம் அணிவது இடது மார்பில், அதாவது பார்ப்பவருக்கு வலப்பக்கம். அது இடப்பக்கம் தெரிந்தால் யாரோ நெகற்றிவை மறுபுறமாகப் பிரதியெடுத்திருக்கிறார்கள். அச்சகத்தில் திருப்பச் சொல்லுங்கள்.

அப்பா ரொறன்ரோவில் ஜனவரி 14 இரவு 9.40க்குக் காலமானார். ஊரில் சித்தப்பா திதி வேறு சொல்கிறார். கல்வெட்டில் இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு எதைக் கொடுப்பது?
- மகன், ஸ்காபரோ

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோண இடைவெளியைக் கொண்டு கணிப்பது, அந்தக் கணத்தில் உலகம் முழுவதற்கும் ஒன்றே. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதென்றால் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றித்தான் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் கூட்டுங்கள். அப்பாவின் நேரம் இங்கே ஜனவரி 15 காலை 8.10. சித்தப்பா 14ஆம் திகதியை அப்படியே பஞ்சாங்கத்தில் பார்த்திருப்பார், வேறுபாடு அதனால்தான் வந்திருக்க வேண்டும். திதி மாறும் நேரத்துக்குக் கிட்ட வந்தால் வாக்கியம், திருக்கணிதம் என்ற இருவகைப் பஞ்சாங்கங்களுக்கும் இடையேகூட வித்தியாசம் வரும். உங்கள் குடும்பம் வழக்கமாக எதைப் பின்பற்றுகிறதோ அதையே எடுங்கள். குருக்களிடம் இரண்டு நேரத்தையும் எழுதிக் கொடுங்கள், முடிவு அவருடையது.

வெண்பா எழுதுபவருக்கு ஆண்டின் தமிழ்ப் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, ஊர், பெயர் ஆகியவை தேவை. ஆண்டுப் பெயரில் அதிகம் பிழை வரும்: தமிழ் ஆண்டு சித்திரையில்தான் மாறும், ஆகவே ஜனவரியில் இறந்தவருக்கு முந்திய சித்திரையில் பிறந்த ஆண்டின் பெயரே. அச்சில் வந்த வெண்பாவை நீங்களே எண்ணிப் பாருங்கள்: முதல் மூன்று அடியில் நாலு சீர், கடைசி அடியில் மூன்று. அச்சுக் கோர்ப்பவர் இடம் போதாமல் சீரை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவது வழக்கம்.

அச்சகத்துக்கு என்னென்ன, எப்போது கொடுக்க வேண்டும்?
- மருமகன், சாவகச்சேரி

31 நாளில் அச்சகத்துக்கு ஒரு கிழமை விடுங்கள். அப்படியானால் 12ஆம் நாளுக்குள் எழுத்து முடிந்து, 18ஆம் நாளில் பக்க அமைப்பு, 22க்குள் இரண்டு தடவை மெய்ப்பு. இரண்டாம் மெய்ப்பைக் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் பார்க்கட்டும். துக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தலைப்பிலுள்ள பிழைகூடத் தெரியாது.

நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 38 பக்கம் என்று போனால் இரண்டு வெறும் பக்கம் வரும், அல்லது அச்சகம் தன் விருப்பத்துக்கு நிரப்பும். உள்ளே 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாள், படங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள், அட்டைக்கு 250 அல்லது 300 போதுமானது.

பழைய சிறிய படம் பற்றி: அச்சில் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஒன்றரை அங்குல அகலப் படத்தை ஆறு அங்குலமாகப் போடுவதென்றால் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் செய்யுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்புங்கள். சட்டகத்தின் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது. முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள்.

எழுத்தை யுனிகோட்டில் தட்டச்சு செய்து கொடுத்தால், பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்யும் அச்சகம் அதை மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்றவையும், இடையே வரும் ஆங்கில எழுத்தும் குழம்பும். படைப்பிரிவுப் பெயரும் இலக்கமும் உள்ள பக்கத்தை அதனால் தனியே சரிபாருங்கள்.

குடும்ப விபரத்தில் பெயர் விடுபட்டுச் சண்டை வராமல் இருக்க வழி?
- வாசகி, மானிப்பாய்

பிள்ளை, மருமக்கள், பேரர், பூட்டர், சகோதரர், மைத்துனர் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு கிளையிலும் ஒருவரிடம் அனுப்பி ‘சரி’ என்று எழுத்தில் வாங்குங்கள். காலஞ்சென்றவர்களையும் விடாதீர்கள். கூடப் பணியாற்றியவர்களின் செய்தி கிடைத்தால் உறவினர் செய்திகளுக்கு நடுவில் புதைக்காமல் தனிப்பக்கம் கொடுங்கள். வீட்டார் அறியாத ஐயாவை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

அந்தியேட்டி முடிந்த பிறகு மிஞ்சிய பிரதிகளையும் அவருடைய கடிதங்களையும் என்ன செய்வது?
- மகன், உரும்பிராய்

யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வருகிறது, அங்கேயும் ஒன்று. கடிதங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, இரும்பு ஊசியைக் கழற்றிவிட்டு ஸ்கான் செய்யுங்கள். உறையையும் சேர்த்தே செய்யுங்கள், முத்திரை குத்திய ஊரும் திகதியும் அதில்தான் இருக்கும். மூலத்தையும் பதக்கத்தையும் ஒரு பிள்ளை வைத்திருக்க, மற்றவர்களுக்கு முழுப் பிரதி கொடுங்கள். யாரிடம் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பம் இடுங்கள். பதக்கத்தைப் பங்கு பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். தனித்தனியாகப் போன பதக்கங்கள் யாருடையவை என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.