திரும்பும்போது சாயும் ஏவுகணைக் கப்பல் மாதிரி

சாய்வைக் குறைக்க அடியில் வைக்கும் ஈயத்தை மேலும் கூட்டாதீர்கள். முதலில் மேற்பகுதியின் எடையைக் குறையுங்கள். புதுச்சேரியின் பாகூர் ஏரியில் உங்கள் 1:100 ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் (இந்தியக் கடற்படைக் கப்பல்) மாதிரி திருப்பத்தில் வெளிப்பக்கம் சாய்கிறது என்றால், பெரும்பாலும் ரெசினில் வார்த்த ரேடார் கம்பம்தான் காரணம். அதையும் ஹெலிகாப்டர் கூடத்தையும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில், உள்ளே வெற்றாகச் செய்யுங்கள்.

அசல் கப்பல் சுமார் 7,400 டன். நீளம் நூறில் ஒன்றானால் எடை பத்து லட்சத்தில் ஒன்று. ஆகவே மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 7.4 கிலோ, அதில் மிச்சம் எவ்வளவோ அவ்வளவு ஈயம்தான். அடிக்கட்டையை ஒட்டி, அசையாதபடி எபாக்சிப் பசையில் பதியுங்கள்.

பிறகு தொட்டியில் மிதக்கவிட்டு, தளத்தின் நடுவில் வைத்த 200 கிராம் எடையைப் பக்கவாட்டில் 6 செ.மீ. நகர்த்துங்கள். 6 டிகிரி போலச் சாய்ந்தால் நல்ல நிலை. 10ஐத் தாண்டினால் இன்னும் தலைப்பாரம்தான்.

புரொப்பல்லர் தண்டுக் குழாயில் கிரீஸ் காய்ந்து நீர் கசிந்தால் இந்தக் கணக்கு செல்லாது. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் அங்குமிங்கும் ஓடினாலே கப்பல் கவிழக்கூடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திறந்து பாருங்கள்.

ஏரி நீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்த நன்னீர் என்பதால், மாதிரி நீர்க்கோட்டைவிடச் சற்றே ஆழமாக அமிழும். அதற்காக ஈயத்தை எடுத்துவிடாதீர்கள்.