வேலை செய்ய முடியாமல் போனால்: 30 நாள் பாலிசியா, 90 நாள் பாலிசியா?

கேள்வி: எனக்கு 39 வயது. சொந்தமாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். கூட இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் ஏற்கெனவே உண்டு. அடிபட்டோ நோய் வந்தோ வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தரும் பாலிசி என்று ஏஜென்ட் இரண்டைக் காட்டுகிறார். ஒன்றில் பணம் வருவதற்கு முன் 30 நாள் காத்திருப்பு, பிறகு 2 வருடம் வரை பணம். மற்றது 90 நாள் காத்திருப்பு, 65 வயது வரை பணம். பிரீமியம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விபத்துக் காப்பீடு இருக்கும்போது இது தேவையா? தேவையென்றால் எது? வரிக் கணக்கில் லாபத்தை முடிந்தவரை குறைத்தே காட்டி வருகிறேன். அதனால் சிக்கல் வருமா? போன வருடம் முதுகுவலிக்கு டாக்டரிடம் போனேன். ஏஜென்ட், "சின்ன விஷயம், எழுத வேண்டாம்" என்கிறார்.

பதில்: தேவை. நான்கு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்றால் 90 நாள் பாலிசியை எடுங்கள். முதுகுவலியை எழுதுங்கள். ஆனால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்ட வரிக் கணக்குக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. அதிலிருந்தே தொடங்குவோம்.

இந்த வகை பாலிசி உங்கள் வருமானத்தில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். பெரும்பாலும் 60 முதல் 70 சதவீதம். சும்மா இருந்தாலும் முழு வருமானம் வரும் என்றால் வேலைக்குத் திரும்பும் எண்ணம் மங்கிவிடும் என்பது காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கு. சரி, வருமானம் என்பது எது? சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. சுயதொழில் செய்பவருக்கு, மொத்த வரவிலிருந்து தொழில் செலவைக் கழித்து, வரி கட்டுவதற்கு முன் மிஞ்சுகிற தொகைதான் வருமானம். மாதம் 1,00,000-க்குப் பில் போடுகிறீர்கள். மரம், பலகை, வாடகை, மின்சாரம், கூலி எல்லாம் சேர்த்து 60,000 போகிறது என்றால் உங்கள் வருமானம் 40,000. அதில் 60 சதவீதம் 24,000. நாணயம் எதுவானாலும் கணக்கு இதுதான். வீட்டுச் செலவைக் கடைச் செலவாக எழுதி லாபத்தை 25,000 என்று காட்டியிருந்தால், கைக்கு வருவது 15,000.

இங்கே பலர் செய்யும் தவறு, பாலிசிக்கு விண்ணப்பிக்கும் புரபோசல் படிவத்தில் 40,000 என்று எழுதி, 24,000-க்கு உரிய பிரீமியத்தையும் வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பது. கிளைம் வரும்போதுதான் நிறுவனம் வரிக் கணக்கைக் கேட்கும். ஏட்டில் 25,000 இருந்தால் 15,000-தான் தரும். கூடுதலாகக் கட்டிய பிரீமியம் திரும்பி வருமா என்பது பாலிசியைப் பொறுத்தது. எழுதிய தொகையை அப்படியே தருகிற 'ஒப்புக்கொண்ட தொகை' பாலிசிகளும் உண்டு. ஆனால் அவை அருகி வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2020 மார்ச் 31-க்குப் பிறகு அவற்றைப் புதிதாக விற்கவே கூடாது என்று கண்காணிப்பு அமைப்பு நிறுத்திவிட்டது. ஆக, வரிக்கு ஒரு வருமானம், இன்சூரன்ஸுக்கு ஒரு வருமானம் என்று இரண்டு வைத்துக்கொள்ள வழியில்லை. கணக்கை இந்த வருடத்திலிருந்தே உள்ளபடி எழுதுங்கள். பல பாலிசிகள் கடைசி 12 மாதத்தையோ, கடைசி இரண்டு மூன்று வருடங்களில் நல்ல வருடத்தையோ எடுத்துக்கொள்கின்றன. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரத் தேய்மானத்தை, அதாவது இயந்திரத்தின் மதிப்பு குறைவதாகக் கணக்கில் செலவாக எழுதும் தொகையை, லாபத்தோடு திரும்பக் கூட்டிக்கொள்வார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ரம்பமும் இழைப்பு இயந்திரமும் புதிதாக வாங்கிய வருடத்தில் அது பெரிய வித்தியாசம் செய்யும். வரி குறைய வேண்டும் என்று மனைவி பெயரில் சம்பளம் எழுதியிருந்தால், அந்தத் தொகை பொதுவாக உங்கள் வருமானத்தில் சேராது.

விபத்துக் காப்பீட்டுக்கு வருவோம். அதில் ஓர் அட்டவணை இருக்கும்: இரண்டு கண்ணோ இரண்டு கையோ போனால் முழுத்தொகை, ஒரு கை போனால் பாதி, விரலுக்கு இவ்வளவு என்று. அட்டவணையில் இல்லாதது பொதுவாக அதற்கு இழப்பே இல்லை. முதுகுத்தண்டில் வட்டு விலகல், மணிக்கட்டு நரம்பு அழுத்தம், புற்றுநோய், மாரடைப்பு, மனச்சோர்வு எதுவும் அதில் வராது. தச்சு வேலையில் இருப்பவர்கள் ரம்பத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். ஆனால் மனிதர்களை வருடக்கணக்கில் வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பது பெரும்பாலும் நோய்தான்; அதிலும் முதுகும் மூட்டும் முன்வரிசையில் நிற்பவை. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். வீட்டு வாடகையைக் கட்டாது.

இனி 30 நாளா, 90 நாளா. இரண்டுக்கும் பிரீமியம் ஏன் ஒன்றாக இருக்கிறது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். எலும்பு முறிவு, சின்ன அறுவை சிகிச்சை போன்றவை அடிக்கடி நடப்பவை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். 30 நாள் பாலிசியில் நீங்கள் கட்டும் பணத்தில் பெரும்பங்கு அந்தச் சில்லறைக் கிளைம்களுக்குப் போகிறது. அது சேமிப்பால் சமாளிக்கக்கூடிய இழப்பு. இன்சூரன்ஸ் தேவைப்படுவது சேமிப்பால் எட்ட முடியாத இழப்புக்கு. மாதம் 24,000 வீதம் 2 வருடத்துக்கு 5,76,000. அதே தொகை 39 வயதிலிருந்து 65 வரை என்றால் 74 லட்சத்துக்கு மேல். எந்த இழப்பு குடும்பத்தைக் கவிழ்க்கும் என்று பார்த்தால் போதும்.

ஆனால் '90 நாள்' என்பதை 91-வது நாள் பணம் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காத்திருப்புக் காலம் பொதுவாக டாக்டர் 'வேலை செய்ய இயலாது' என்று சான்று தரும் நாளிலிருந்து தொடங்கும். அடிபட்ட நாளிலிருந்து அல்ல. வலியைப் பொறுத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் போனால் அந்த மூன்று வாரமும் கணக்கில் வராமல் போகலாம். அடுத்து, பணம் மாத முடிவில்தான் தரப்படும். ஆக முதல் தொகை 120-வது நாள் வாக்கில். காகிதங்கள் தாமதமானால் இன்னும் தள்ளும். நான்கு மாதச் செலவு கையில் வேண்டும் என்று சொன்னது இதனால்தான். அந்தப் பணம் இப்போது இல்லையென்றால் 60 நாள் காத்திருப்பு கிடைக்குமா என்று பாருங்கள். 65 வயது வரை என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னொரு பொறி: இடையில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்று ஒரு வாரம் பட்டறைக்குப் போய்விட்டால், சில பாலிசிகளில் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். எத்தனை நாள் முயன்று பார்க்கலாம் என்பது பாலிசியில் எழுதியிருக்கும்.

பாலிசியில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டியது 'இயலாமை' என்ற சொல்லுக்கு அவர்கள் தரும் விளக்கம். 'தன் சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமை' என்று இருந்தால் நல்லது. 'எந்த வேலையும் செய்ய இயலாமை' என்று இருந்தால், கை மடங்காத தச்சரைத் தொலைபேசி எடுக்கும் வேலைக்குப் போகலாமே என்று சொல்ல இடம் உண்டு. பல பாலிசிகள் முதல் 2 வருடம் சொந்தத் தொழில், பிறகு படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்தும் எந்தத் தொழிலும் என்று மாறும். 65 வயது வரை என்று விற்கப்படும் பாலிசியில் இந்த மாற்றம் ஒளிந்திருந்தால், மேலே போட்ட 74 லட்சக் கணக்குக்குப் பாதி மதிப்புகூட இல்லை.

சொந்தத் தொழில் என்று இருந்தாலும், அந்தத் தொழில் எது என்பதைப் படிவத்தில் நீங்கள் எழுதுவதுதான் தீர்மானிக்கும். 'பட்டறை உரிமையாளர், மேற்பார்வை' என்று எழுதினால் ஆபத்துக் குறைந்த வகுப்பில் போட்டுப் பிரீமியத்தைக் குறைப்பார்கள். பிறகு கையில் அடிபட்டால், 'மேற்பார்வைக்குக் கை எதற்கு?' என்று கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. வேலை நேரத்தைப் பிரித்து எழுதுங்கள்: இயந்திரத்திலும் கையாலும் செய்யும் வேலை 70 சதவீதம், இடத்துக்குப் போய் அளவெடுப்பதும் பொருத்துவதும் 15, கணக்கும் வாடிக்கையாளர் பேச்சும் 15 என்பது போல. வட்ட ரம்பம், பாலிஷ் தெளிப்பது, ஏணி ஏறுவது எல்லாம் இருக்கட்டும். பிரீமியம் கூடும். சில நிறுவனங்கள் உடலுழைப்புத் தொழிலுக்கு 65 வரை தராமல் 5 வருடத்தோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. அது இப்போதே தெரிவது நல்லது.

முழுக்கப் படுத்துவிடுவதைவிட அரைகுறையாக வேலை செய்யும் நிலைதான் சுயதொழிலில் அதிகம். அதனால் பகுதி இயலாமைக்கும் பணம் தரும் பிரிவு இல்லாத பாலிசியை எடுக்காதீர்கள். கணக்கு இப்படி: முன்பு 40,000, இப்போது பாதி நாள் வேலை செய்து 16,000. இழப்பு 24,000, அதாவது 60 சதவீதம். மாதத் தொகை 24,000-ல் 60 சதவீதம் 14,400 வரும். சம்பாதித்த 16,000-ஐயும் சேர்த்தால் 30,400. பல பாலிசிகளில் இழப்பு 20 சதவீதத்தையாவது தாண்டினால்தான் இது தொடங்கும். நீங்கள் படுத்திருக்கும்போது உங்கள் ஆட்கள் இருவரும் வேலை செய்து வரும் லாபமும் உங்கள் வருமானமாகவே எண்ணப்படும் என்பதைக் கவனியுங்கள். அடிபடுவதற்கு முன் முடித்த வேலைக்கு இப்போது வசூலாகும் பணத்தையும் இந்த மாத வருமானம் என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு பில்லிலும் வேலை முடிந்த தேதியை எழுதும் பழக்கம் வேண்டும்.

பட்டறை வாடகை, மின்சாரம், இயந்திரக் கடன் வட்டி ஆகியவை இந்த 24,000-க்குள் வராது. அவற்றுக்குத் 'தொழில் செலவுக் காப்பீடு' என்று தனியாக ஒன்று உண்டு. காத்திருப்பு குறைவு, பெரும்பாலும் 12 மாதம் வரை தரும். மரம் வாங்கும் செலவுக்கும் தொழிலிலிருந்து உங்கள் சொந்தச் செலவுக்கு எடுக்கும் பணத்துக்கும் அது பொருந்தாது. ஒரு வருடம் வாடகை கட்டினால் பட்டறை பிழைக்குமா, மூடிவிட்டு பிறகு திறப்பது மலிவா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வாடகை சிறியது என்றால் அந்தப் பிரீமியம் வீண்.

முதுகுவலி சின்ன விஷயம் அல்ல. தச்சருக்கு இந்த பாலிசியில் அதுதான் பெரிய விஷயம். கிளைம் வந்தால் பழைய மருத்துவக் குறிப்புகளை வரவழைப்பார்கள். மறைத்தது தெரிந்தால், நாளைக்கு வரும் புற்றுநோய்க் கிளைமையும் சேர்த்து மறுக்கவும், பாலிசியையே ரத்து செய்யவும் இடம் உண்டு. 'ஏஜென்டிடம் சொன்னேன்' என்பது சாட்சி ஆகாது. படிவத்தில் இருப்பதே பேசும். எப்போது போனீர்கள், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுத்தார்களா, என்ன மருந்து, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, இப்போது எப்படி என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஒருமுறை வந்து சரியான வலி என்றால் நிறுவனம் அப்படியே ஏற்கலாம், அல்லது பிரீமியத்தைக் கூட்டலாம், அல்லது முதுகால் வரும் கிளைமுக்குப் பணம் இல்லை என்று முதுகை விலக்கிவிடலாம். விலக்கினால், 'முதுகுத்தண்டு சார்ந்த அனைத்தும்' என்று அகலமாக எழுதாமல் அந்தப் பகுதியை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். வலி இல்லாமல் 2 வருடம் கழிந்தால் விலக்கை மறுபரிசீலனை செய்வீர்களா என்று கடிதமாகவே கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

பிரீமியம் கையைக் கடித்தால் எதைக் குறைப்பது? முதலில் காத்திருப்பைக் கூட்டுங்கள், பிறகு மாதத் தொகையைக் குறையுங்கள். பணம் வரும் வருடங்களிலும் 'சொந்தத் தொழில்' விளக்கத்திலும் கைவைக்காதீர்கள். நெதர்லாந்தில் சுயதொழில் செய்வோருக்கான அரசின் கட்டாய இயலாமைக் காப்பீடு 2004-ல் நிறுத்தப்பட்டது. 2006-லிருந்து அங்கே 'பிரோட்ஃபான்ட்ஸ்', அதாவது ரொட்டி நிதி, என்று 20 முதல் 50 பேர் கொண்ட குழுக்கள் உருவாயின. குழுவில் ஒருவர் நோய்ப்பட்டால் மற்றவர்கள் மாதாமாதம் சிறு தொகை தருவார்கள். அதிகபட்சம் 2 வருடம். முதல் கட்டத்தைக் கூட்டாகத் தாங்கிவிட்டால், அதற்குப் பிறகான காலத்துக்கு எடுக்கும் பாலிசி மலிவாகிவிடும். உங்கள் 90 நாளும் சின்ன அளவில் அதே ஏற்பாடுதான்.

பணவீக்கத்துக்கு ஏற்ப மாதத் தொகை உயரும் வசதியையும் சேருங்கள். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் சுமார் 14 வருடத்தில் 24,000-ன் மதிப்பு பாதியாகிவிடும். பிரீமியத்தைத் தொழில் செலவாகக் காட்டினால், பின்னால் வரும் தொகைக்கு வரி விழும் நாடுகள் உண்டு. அதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும், பிடிக்காவிட்டால் பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம் என்று சில நாள் அவகாசம் பல இடங்களில் உண்டு. அதற்குள் நீங்கள் கொடுத்த படிவத்தின் நகலையும் வந்த பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றை ஒப்பிடுங்கள்: தொழில் விவரம் நீங்கள் எழுதியபடியே இருக்கிறதா, முதுகு விலக்கின் வாசகம் என்ன, 'சொந்தத் தொழில்' எத்தனை வருடம். மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் ஏஜென்டைக் கூப்பிடுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதிப் போடுங்கள்.