டைனமோவும் சீப்பும் ஒன்றா?

கேள்வி: சீப்பைத் தலையில் உரசினால் கடதாசித் துண்டு ஒட்டுகிறது. சைக்கிள் டைனமோவும் ரயரில் உரசித்தான் லைற் எரிகிறது. இரண்டும் உராய்வு மின்சாரம்தானே? பிறகேன் மகனின் புத்தகத்தில் ஒன்றை நிலைமின், மற்றதை ஓட்டமின் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்?
– ஒரு தந்தை, சுன்னாகம்

பதில்: புத்தகம் கிடக்கட்டும், முதலில் டைனமோவைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். ரயரில் படுகிற தலை காந்தத்தைச் சுழற்றுவதோடு சரி. உராய்வுக்கு அங்கே உள்ள வேலை பிடிமானம் மட்டும். மழையில் ரயர் நனைந்தால் தலை வழுக்கும், வெளிச்சம் மங்கும். உரசல் குறைந்ததால் மின்சாரம் குறைந்தது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். குறைந்தது சுழற்சி ஐயா! சுருளருகே காந்தம் அசைந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் பரடே 1831 இலேயே காட்டிவிட்டார். காற்றில் சுழன்றே மின்சாரம் தருகிற பளைக் காற்றாலை எதில் உரசுகிறது, சொல்லுங்கள்?

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருண்டு கிடந்தபோது, ஒருவர் டைனமோ பூட்டிய சைக்கிளின் பெடலைச் சுற்ற மற்றவர்கள் றேடியோவில் செய்தி கேட்டார்கள். அதைச் சீப்பால் செய்திருக்க முடியுமா? 6 வோல்ற்று, 3 வாற்று டைனமோ தருவது அரை அம்பியர், அதாவது செக்கனுக்கு அரைக் கூலோம் ஏற்றம் (ஏற்றம் என்பது மின்னின் அளவு, கூலோம் அதன் அலகு). ஒரு சீப்புக்குத் தாராளமாக ஒரு மைக்ரோகூலோம், அதாவது கூலோமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்று வைத்தாலும், செக்கனுக்கு ஐந்து லட்சம் சீப்புகள் தேவை! இத்தனைக்கும் சீப்பில் ஆயிரக்கணக்கான வோல்ற்று நிற்கும். மின்னழுத்தம் பெரிது, ஏற்றம் சொற்பம்.

சீப்பில் நடப்பது வேறு. இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரிந்தாலே ஒன்றிலிருந்து மற்றதற்கு இலத்திரன்கள் போகும். தேய்ப்பது தொடும் பரப்பைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் கடத்தாது என்பதால் ஏற்றம் வந்த இடத்திலேயே நிற்கிறது. மாரிக்கால ஈரத்தில் அதுவும் கசிந்துவிடும். எண்ணெய் வைத்த தலையும் சரிவராது. பங்குனி வெயிலில், முழுகிக் காய்ந்த தலையில் செய்து காட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உரசி வந்தாலும் மின்கலத்தில் வந்தாலும் டைனமோவில் வந்தாலும் மின்சாரம் ஒரே மின்சாரம்தான். 1833 இல் அதையும் பரடேதான் பரிசோதித்து எழுதினார். ஏற்றம் நின்றால் நிலைமின், ஓடினால் ஓட்டமின். இருட்டில் சீப்பிலிருந்து 'சடக்' என்று பொறி பறக்கும் அந்தக் கணத்தில் அங்கேயும் ஓடுவது மின்னோட்டமே. ஆனால் 'டைனமோ உராய்வால் மின்சாரம் தருகிறது' என்று மகன் பரீட்சையில் எழுதிப் புள்ளி போனால், ஆசிரியரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.