பர்ச்சேஸ் வேலையை விட்டுவிட்டு டிகிரி படிக்கலாமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் அசிஸ்டென்டாக இருக்கிறேன். வயது 26, டிப்ளமோ மெக்கானிக்கல், கைக்கு வருவது 22,000 ரூபாய். டிகிரி இல்லாததால் இரண்டு முறை பதவி உயர்வு தள்ளிப்போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு, கொள்முதல் மற்றும் ஒப்பந்த மேலாண்மையில் மூன்று வருடப் பட்டப்படிப்பு சேர நினைக்கிறேன். கட்டணம் வருடத்துக்கு 2 லட்சம். கல்விக் கடன் வாங்கலாமா, அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: படியுங்கள். வேலையை மட்டும் விடாதீர்கள்.

கல்லூரி சொல்லும் கணக்கு 6 லட்சம். நீங்கள் இழக்கப்போகும் சம்பளம் 36 மாதத்துக்கு 7,92,000. ஆக, இந்தப் பட்டத்தின் விலை கிட்டத்தட்ட 14 லட்சம். கல்விக் கடனுக்குப் படிக்கும்போதும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை இல்லை என்பார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 2 லட்சமாக வாங்கினால், தவணை தொடங்குவதற்குள் தனிவட்டியே 1,98,000 சேர்ந்துவிடும். கடனும் வட்டியும் சேர்ந்த அந்த 8 லட்சத்தை 7 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 13,700 ரூபாய் கட்ட வேண்டும். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், இன்றைய உங்கள் சம்பளத்துக்கு வரியே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

முதலில் உங்கள் ஹெச்.ஆரிடம் ஒரு மெயிலில் கேளுங்கள்: பதவி உயர்வுக்கு எந்தப் பட்டம் வேண்டும், தொலைநிலைப் பட்டம் செல்லுமா? செல்லும் என்றால் இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பி.பி.ஏ. சேருங்கள். நீங்கள் சொன்ன கட்டணத்தில் சிறு பகுதிதான் ஆகும். எங்கு சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்று ஆன்லைன் நிறுவனங்கள் கூவி விற்பவற்றைப் பற்றி யுஜிசியே எச்சரித்திருக்கிறது.

சரி, பாடம்? அது உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. ஒரு பி.ஓ.வை (பர்ச்சேஸ் ஆர்டர்) திருப்பிப் பாருங்கள். தாமதத்துக்கு வாரம் 0.5 சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம் பிடித்தம் என்பது போல ஒரு வரி இருக்கும். அதை அப்படியே பிடித்துவிட முடியுமா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவைப் படியுங்கள்: கிடைப்பது நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. சிறு சப்ளையருக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் கம்பெனியின் வருமான வரிக் கணக்கில் என்ன ஆகும் என்பதையும் அக்கவுன்ட்ஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதெல்லாம் தெரிந்த ஆளைத்தான் மேனேஜர்கள் தேடுகிறார்கள். பட்டம் முடிந்த பிறகு, கம்பெனி செலவில் பாதியாவது ஏற்றால், சிஐபிஎஸ் என்ற பிரிட்டிஷ் கொள்முதல் துறை அமைப்பின் டிப்ளமோவை யோசிக்கலாம்.

இப்போதே மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுங்கள், கட்டணம் அதிலிருந்தே போகட்டும். அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும்.