வாசகர் கேள்வி: கஞ்சா மருந்து யாருக்கு, எவ்வளவு, யாரைக் கேட்டு?

மருத்துவக் கஞ்சா பற்றி வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களில் நோயாளிகள் உண்டு, நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் உண்டு, இந்தப் பேச்சே வேண்டாம் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. பெரும்பாலோர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வர ஆரம்பித்தது, மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. அமெரிக்காவில் ஒரு சிறுமிக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்ததும் வலிப்பு நின்றுவிட்டதாமே? நானும் வாங்கிக் கொடுக்கட்டுமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட சிறுமி கொலராடோவைச் சேர்ந்த சார்லட் ஃபிகி. டிராவே சிண்ட்ரோம் என்ற கடுமையான வலிப்பு நோய் அவளுக்கு இருந்தது. வாரத்துக்கு 300 முறை வரை வந்த வலிப்பு, அந்த எண்ணெய்க்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது என்று அவள் குடும்பம் சொன்னது. 2013இல் அது தொலைக்காட்சியில் வந்தபோது எத்தனையோ பெற்றோர் வீட்டைக் காலி செய்துகொண்டு கொலராடோவுக்கே குடிபோனார்கள். கவனித்துப் பாருங்கள், அந்தக் குடும்பம் சொன்னது குறைந்தது என்றுதான், நின்றுவிட்டது என்று அல்ல.

கஞ்சாச் செடியில் உள்ள பொருட்களில் முக்கியமானவை இரண்டு: போதை தரும் டிஎச்சி, போதை தராத சிபிடி. அவளுக்குக் கொடுத்த எண்ணெயில் டிஎச்சி மிகக் குறைவு, சிபிடி அதிகம். பிறகு சுத்திகரித்த சிபிடியை வைத்து முறையான ஆய்வு நடந்து 2017இல் முடிவு வெளியானது. டிராவே நோயுள்ள குழந்தைகளும் இளம் வயதினருமாக 120 பேர். சிபிடி பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த பெரிய வலிப்பின் இடைநிலை அளவு (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் எண்ணிக்கை) 5.9 ஆனது, மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 14.9இலிருந்து 14.1 மட்டுமே. வலிப்பு அடியோடு நின்றது 5 சதவீதம் பேருக்கு. இதையும் மற்ற ஆய்வுகளையும் பார்த்துத்தான் 2018 ஜூனில் அமெரிக்க அரசு எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு வகை வலிப்புக்கு அனுமதித்தது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் வரும் வலிப்புக்கு 2020இல் அனுமதி வந்தது.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது உங்கள் மகளுக்கு வந்திருப்பது எந்த வகை வலிப்பு என்பதை. மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். டிராவே என்று தெரிந்தால் அதுவே பெரிய உதவி, ஏனென்றால் கார்பமாசெபின் போன்ற சில வழக்கமான வலிப்பு மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும். நீங்களாக எண்ணெய் வாங்கிக் கொடுக்க வேண்டாம். குழந்தை குளோபசாம் என்ற வலிப்பு மருந்து சாப்பிட்டால் சிபிடியோடு சேர்ந்து தூக்கம் அதிகமாகும், வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிட்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம், இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன்: புது எண்ணெய் வந்துவிட்டது என்று இப்போது கொடுக்கும் மருந்தைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: மருத்துவம் என்ற பெயரில் போதைப் பொருளுக்குக் கொடி பிடிக்கிறீர்களே, நியாயமா?

பதில்: அபினியிலிருந்து வரும் மார்ஃபின் இல்லாமல் முற்றிய புற்றுநோயின் வலியை மருத்துவர்களால் சமாளிக்க முடியாது. அதற்காக அபினிக்கு யாரும் கொடி பிடிப்பதாக நாம் நினைப்பதில்லை. கஞ்சாவையும் அப்படித்தான் பார்க்கிறேன். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கோலமும் யெஹியேல் கவோனியும் டிஎச்சியைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு நம் உடலிலேயே இது போய் ஒட்டி வேலை செய்யும் இடங்கள், அதாவது ஏற்பிகள், இருப்பதும், அதே இடங்களில் ஒட்டும்படி உடல் தானாகச் சுரக்கும் ஆனந்தமைடு என்ற பொருள் இருப்பது 1992இலும் தெரிய வந்தன. சட்டத்தைப் பொறுத்தவரை, 1961ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் ஒப்பந்தம்கூட மருத்துவப் பயன்பாட்டுக்கு இடம் விட்டிருக்கிறது. அதில் கஞ்சா மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலும் இருந்தது. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. ஆணையம் 27க்கு 25 என்ற வாக்கில் அதை அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்தது, முதல் பட்டியலில் இன்றும் இருக்கிறது. கட்டுப்பாடு போய்விடவில்லை. உங்கள் கோபத்தில் நியாயம் உள்ள இடமும் ஒன்று உண்டு, கடைசிக்கு முந்தைய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

கேள்வி: சட்டத்தை மாற்ற வைத்தவர்கள் யார்? மருத்துவர்களா, வியாபாரிகளா?

பதில்: பெரும்பாலும் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும்தான். வியாபாரிகள் பின்னால் வந்தார்கள்.

ராபர்ட் ராண்டல் என்பவருக்குக் கண் அழுத்த நோய், பார்வை போய்க்கொண்டிருந்தது. வாஷிங்டனில் வீட்டிலேயே செடி வளர்த்ததற்காகக் கைதானார். பார்வையைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று வாதாடி 1976இல் வழக்கில் வென்றார். அதன் பிறகு அமெரிக்க அரசே தன் பண்ணையில் விளைந்த கஞ்சாவை அவருக்குக் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள், எய்ட்ஸ் நோயாளிகள் பெரும் எண்ணிக்கையில் விண்ணப்பித்தபோது 1992இல் புதியவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது.

மேரி ராத்பன் என்ற மூதாட்டியையும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தவர். சாப்பிட முடியாமல் எலும்பும் தோலுமாகிக் கொண்டிருந்த பையன்களுக்குக் கஞ்சா சேர்த்த பிரௌனி கேக் செய்து கொடுத்தார், மூன்று முறை கைதானார். அவரும், எய்ட்ஸில் துணையை இழந்த டென்னிஸ் பெரோனும், அவர்களோடு நின்றவர்களும் சேர்ந்து உழைத்ததில்தான் 1996இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தார்கள். கனடாவில் டெரன்ஸ் பார்க்கர் என்ற வலிப்பு நோயாளி சம்பந்தப்பட்ட வழக்கில் 2000இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, அடுத்த வருடமே அரசு மருத்துவக் கஞ்சாவுக்கு விதிமுறை கொண்டுவந்தது.

ராண்டல் கதையைப் படித்துவிட்டு இதை முயன்று பார்க்க நினைக்கும் கண் அழுத்த நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. கஞ்சா கண் அழுத்தத்தைக் குறைப்பது உண்மை, ஆனால் மூன்று நான்கு மணி நேரத்துக்குத்தான். நாள் முழுக்க அழுத்தம் குறைந்திருக்க வேண்டுமானால் நாள் முழுக்கப் போதையில் இருக்க வேண்டும். இன்றைய சொட்டு மருந்துகள் அதைவிட எவ்வளவோ மேல். அவருக்கு அன்று கிடைக்காத மருந்துகள் உங்களுக்குக் கிடைக்கின்றன.

கேள்வி: சட்டம் வந்தால் மருந்து கிடைத்துவிடும்தானே?

பதில்: கிடைத்துவிடாது. பிரிட்டனைப் பாருங்கள். 2018 ஜூனில் பில்லி கால்டுவெல் என்ற வலிப்பு நோயுள்ள சிறுவனின் எண்ணெயை ஹீத்ரோ விமான நிலையத்தில் அவன் தாயிடமிருந்து பறிமுதல் செய்தார்கள், சில நாளில் பையன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான், நாடே கொதித்தது. ஆல்ஃபி டிங்லி என்ற இன்னொரு சிறுவனின் குடும்பமும் அதே நேரத்தில் போராடிக்கொண்டிருந்தது. அந்த நவம்பர் 1ஆம் தேதியே சிறப்பு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று விதி மாறியது. ஆனால் அதற்குப் பிறகும் அரசு மருத்துவச் சேவையில், சிபிடியை மட்டும் பிரிக்காமல் செடியின் பொருட்கள் எல்லாம் சேர்ந்த முழுச் செடி எண்ணெய் வகைகளை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் மிக அரிது, பெரும்பாலான குடும்பங்கள் தனியாரிடம் மாதாமாதம் பெரும் தொகை கட்டுகின்றன. மருத்துவர்களைத் திட்டுவதில் பயனில்லை. அந்த எண்ணெய்களுக்கு முறையான ஆய்வு குறைவு, ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. சட்டத்துக்காகப் போராடுபவர்கள் அதே மூச்சில் ஆய்வுக்கும், மருத்துவர்களுக்கான பயிற்சிக்கும், காப்பீட்டுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

கேள்வி: கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் குணமாக்கும் என்று என் அண்ணி கீமோவை நிறுத்தப் போகிறார். என்ன சொல்வது?

பதில்: நிறுத்த வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றணுக்களை அது கொன்றிருக்கிறது, ஆய்வகத் தட்டில் கொல்லும் பொருட்கள் ஆயிரம் உண்டு. மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்குச் சான்று இல்லை. சான்று இருப்பது கீமோவால் வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும். டிஎச்சியைச் செயற்கையாகத் தயாரித்த டிரோனபினால், அதைப் போன்ற நாபிலோன், இரண்டும் 1985இலேயே அமெரிக்காவில் அதற்காக அனுமதி பெற்றன, வழக்கமான வாந்தி மருந்து கேட்காதபோது கொடுப்பார்கள். வாந்தி தாங்காமல்தான் அண்ணி கீமோவை விட நினைக்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்படியென்றால் அதற்கு வழி இருக்கிறது, மருத்துவரிடம் அதையே சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, நரம்பு வலி. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த கஞ்சா மிட்டாயில் நன்றாகத் தூங்குகிறார். தொடரலாமா?

பதில்: அப்பா தூங்குவதைப் பார்த்த நிம்மதி எனக்குப் புரிகிறது. வலி விஷயத்தில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. 2017இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் நாள்பட்ட வலிக்குக் கணிசமான சான்று உண்டு என்றன. 2021இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் பொதுவான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்க மறுத்தது. சிலருக்கு ஓரளவு உதவுகிறது, பலருக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை அந்த மிட்டாயைப் பற்றித்தான். அதில் எத்தனை மில்லிகிராம் என்று உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்த 2017 ஆய்வில் 31 சதவீதத்தில்தான் அளவு சரியாக இருந்தது, 18 பொருட்களில் டிஎச்சியும் இருந்தது. வாய்வழி சாப்பிட்டால் வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டு அப்புறம் தலைசுற்றி விழுபவர்கள் நிறைய. இந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் வலி மருந்து பற்றிய பேச்சே மாறிவிடும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிட்டால் இரத்தத்தில் அதன் அளவையும் இது ஏற்றிவிடலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் மிட்டாய் உறையைக் கையோடு எடுத்துப் போய் மேசையில் வையுங்கள், பேச்சு தானாக ஆரம்பிக்கும்.

கேள்வி: மருந்தென்றால் நாங்கள் பிடிப்பதிலும் தப்பில்லையே? (கல்லூரி மாணவர்)

பதில்: தப்புதான். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு டிஎச்சி நல்லதல்ல. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் உனக்கு ஆபத்து இன்னும் அதிகம். விட முடியாத பழக்கமாகவும் ஆகும். பல வருடம் பிடிப்பவர்களில் சிலருக்கு நிற்காத வாந்தி வருகிறது, குமட்டலை நிறுத்தும் அதே பொருளால். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும்கூட விலகியிருக்க வேண்டியவர்கள். முன்னால் கோபப்பட்டு எழுதிய வாசகர் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் சரியானது.

கேள்வி: எனக்குத் தண்டுவடத்தைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மருத்துவர் எழுதிக் கொடுத்த கஞ்சா ஸ்பிரேயால் கால் இறுக்கம் குறைந்து நடக்கிறேன். என் அனுபவத்தைச் சொன்னால் சட்டம் இல்லாத இடங்களில் இருப்பவர்களுக்கு உதவுமா? எப்படிச் சொல்வது?

பதில்: கட்டாயம் உதவும், சொல்லுங்கள். ராண்டலும் மேரி ராத்பனும் சார்லட்டின் தாயும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் மேலே சொன்ன எந்தச் சட்டமும் எந்த ஆய்வும் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. உங்கள் நோய்க்கான அந்த ஸ்பிரேக்குக் கனடாவில் 2005இலும் பிரிட்டனில் 2010இலும் அனுமதி கிடைத்தது, ஆகவே ஆய்வும் உங்கள் பக்கம் இருக்கிறது.

எழுதும்போது, அற்புதம் நடந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். நோய் என்ன, எத்தனை வருடம், எந்த மருந்து, அதில் டிஎச்சி எவ்வளவு சிபிடி எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, கூடவே என்ன மாத்திரைகள், எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது, தலைசுற்றல் வந்ததா, வாய் வறண்டதா, எது கொஞ்சமும் மாறவில்லை, எல்லாம் வேண்டும். மாறாததை எழுதுவது மிக முக்கியம். பலன் கிடைத்தவர்தான் பெரும்பாலும் எழுதுகிறார். நான்கு வாரம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டவர் எழுதுவதில்லை, அதனால் படிப்பவருக்கு இது எல்லோருக்கும் வேலை செய்வது போலத் தோன்றிவிடுகிறது. உங்களுக்குத் தெரிந்தவர்களில் பலன் கிடைக்காதவர் இருந்தால் அவரையும் எழுதச் சொல்லுங்கள். என் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். பெயர் போடுவதா என்பது உங்கள் வேலை, குடும்பம், நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டம் மூன்றையும் யோசித்து முடிவு செய்ய வேண்டியது, பெயரில்லாமல் எழுதினாலும் மதிப்புக் குறையாது. குழந்தை நோயாளியின் பெற்றோர் என்றால் படம் போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள், அந்தக் குழந்தை பெரியவளானதும் அந்தப் படம் அங்கேயே இருக்கும்.

அப்புறம், பயணம் போகும்போது ஸ்பிரேயைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஒரு நாட்டில் எழுதிய மருந்துச் சீட்டு அடுத்த நாட்டில் செல்லும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, விமானம் மாறுவதற்காக இறங்கும் நாட்டிலேயே பிடிபடலாம். போகிற நாடு, நடுவில் இறங்குகிற நாடு, இரண்டின் தூதரகத்துக்கும் முன்கூட்டியே எழுதிப் பதிலைக் காகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.