பர்மாவில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்க வரவில்லையா? டீச்சர் பதில்கள்

யாங்கோன், ஓர் அம்மா: டீச்சர், பையனுக்கு 7 வயது. ஏ, பி, சி, டி மடமடவென்று சொல்வான். பூனைக்கான 'கேட்' என்ற சொல்லை எழுதிக் காட்டினால் முழிக்கிறான்.

அவனுக்கு எழுத்தின் பெயர்தான் தெரியும், சத்தம் தெரியாது. தமிழில் 'ப'வைப் பார்த்து 'ப' என்றே வாசிக்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. எழுத்து 26, சத்தமோ ஏறக்குறைய 44. எல்லாவற்றையும் ஒன்றாகத் திணிக்காதீர்கள். உட்காரச் சொல்லும் 'சிட்', குத்துகிற 'பின்', குழாயைச் சொல்லும் 'டேப்', இந்த மூன்று சொற்களில் வரும் ஆறு எழுத்துகளின் சத்தம் முதலில் போதும். அவற்றையே மாற்றி மாற்றிச் சேர்த்துப் புதுச் சொற்களை வாசிக்கட்டும்.

மோல்மேன், ஒரு தாத்தா: பேத்தி ஒவ்வொரு சொல்லிலும் கடைசிச் சத்தத்தை விழுங்குகிறாள்.

ஐயா, அது பர்மியப் பேச்சிலிருந்து வருவது. பர்மியத்தில் சொல் முடிவில் க், ட், ப் வெடித்து ஒலிக்காது, தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் பூனைக்கான 'கேட்', தொப்பிக்கான 'கேப்' இரண்டும் அவள் வாயில் ஒன்றுபோலத்தான் வரும். நம் வீட்டுப் பேச்சோ நேர்மாறு: 'புக்கு', 'பஸ்ஸு' என்று ஓர் உகரத்தை ஒட்டிவிடுவோம். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் காற்று கையில் பட வேண்டும், 'உ' கேட்கக் கூடாது.

பர்மியம் கைகொடுக்கும் இடமும் உண்டு. முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தைப் பர்மியர் 'தனாக்கா' என்னும்போது நாக்கு நுனி பல்லிடுக்கைத் தொடும். 'தேங்க் யூ'வில் வரும் முதல் சத்தமும் அதுதான். நம் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் சிரமப்படும் அந்தச் சத்தம் இவளுக்குச் சுலபமாக வரும்.

பெகு, கோயில் மாலை வகுப்பு ஆசிரியை: ஒரு மாணவன் தடையில்லாமல் வாசிக்கிறான். என்ன கதை என்று கேட்டால் பதிலே இல்லை.

எந்த மொழியில் கேட்டீர்கள், தங்கச்சி? ஆங்கிலத்தில் கேட்டால், கதை புரியவில்லையா, அல்லது பதில் சொல்ல ஆங்கிலம் போதவில்லையா என்று நமக்குத் தெரியாது. தமிழிலோ பர்மியத்திலோ கேளுங்கள். அப்போதும் சொல்லவில்லை என்றால் புத்தகம் அவனுக்குக் கடினம். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்தாறு வந்தாலே பிள்ளைக்குக் கதை நழுவிவிடும். எளிய புத்தகத்துக்கு இறங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாசிக்கும் முன்பே படங்களைக் காட்டித் தமிழில் பேசுங்கள்: யார் இது, ஏன் ஓடுகிறான், அப்புறம் என்ன ஆகும்? பிறகு அதே கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். பிள்ளைகளுக்கு அது சலிக்காது.

தட்டோன், ஓர் அம்மா: பள்ளியில் பர்மியம், பாடமாக ஆங்கிலம். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலமும் தெரியாது.

நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அம்மா. தமிழில் நிறையக் கதை கேட்ட பிள்ளைக்குச் சொல்வளமும் யோசிக்கும் பழக்கமும் சேர்ந்திருக்கும். ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும்போது அவை கூடவே வரும். நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. ராத்திரி பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை ஒரு பக்கம் வாசித்ததும், "சரி, இப்போ அம்மாவுக்குத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள்.