வரி கட்டுறோம்ல, கணக்கையும் காட்டுங்க: வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சொத்து வரி பத்திதான். சிலர் ரசீதையே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கீங்க. அதனால இந்த வாரம் முழுக்க அதையே பேசிடுவோம்.

அண்ணா, எங்க வீடு 900 சதுர அடி. அரையாண்டுக்கு 1,200 ரூபா கட்டிட்டு இருந்தேன், இப்போ 2,226 ரூபா. என் சம்பளம் இப்படியா ஏறுது? இது நியாயமா?
- வாசகர், அயனாவரம்

முதல்ல கணக்கு சரியான்னு பாத்துடுவோம். 2022 ஏப்ரல்ல அறிவிச்சப்போ பழைய சென்னை பகுதிக்கு (மாநகராட்சியை விரிவாக்குறதுக்கு முன்னாடி இருந்த எல்லை), 600 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம், 601-ல இருந்து 1,200 வரைக்கும் 75, 1,800 வரைக்கும் 100, அதுக்கு மேல போனா 150 சதவீதம்னு ஏத்துனாங்க. உங்களுக்கு 75, அதனால 1,200 ரூபா 2,100 ஆச்சு. 2024 அக்டோபர்ல இருந்து இன்னொரு 6 சதவீதம் சேர்ந்து 2,226. ஒரு நாளுக்குப் பிரிச்சா 12 ரூபா சொச்சம் வருது. கணக்குல தப்பு இல்ல.

நியாயமான்னு கேட்டீங்கன்னா, ஏத்துனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஏத்துன விதம்தான் தப்பு. சென்னைல அதுக்கு முன்னாடி கடைசியா வரியை மாத்துனது 1998-ல, மத்த ஊர்கள்ல 2008-ல. 24 வருஷத்துல டீசல் விலை என்ன ஆச்சு, சிமெண்ட் என்ன ஆச்சு, ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி என்ன ஆச்சுன்னு வீடு கட்டுனவங்களுக்கு நல்லாவே தெரியும், மாநகராட்சி மட்டும் பழைய காசுலயே ரோடு போடணும்னா எப்படி முடியும்? 2018-ல அப்போ இருந்த அரசு ஏத்துச்சு, எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பர்ல நிறுத்தி வச்சுட்டாங்க. 2016-ல இருந்து நகரங்கள்ல கவுன்சிலரே கிடையாது, அதிகாரிங்கதான் நடத்துனாங்க, யார்கிட்ட போய் கேக்கிறது? அப்புறம் 2022 பிப்ரவரி 19 உள்ளாட்சித் தேர்தல், அது முடிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள இந்த அறிவிப்பு. வரியைக் கூட்டினாத்தான் மானியம்னு மத்திய அரசோட 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டுச்சு, அதுதான் காரணம்னு சொன்னாங்க. நிபந்தனை இருந்தது உண்மைதான். ஆனா ஓட்டு கேட்டு வீட்டு வாசல்ல நின்னப்போ இதை ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொல்லல. எனக்கு வருத்தமே அங்கதான்.

வருஷத்துக்கு 6 சதவீதம்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறது 24 வருஷம் சும்மா இருந்துட்டு ஒரே அடியா தலைல வைக்கிறதை விட எவ்வளவோ பரவாயில்ல. ஆனா வருஷா வருஷம் ஏத்தினா வருஷா வருஷம் கணக்கும் காட்டணும், எங்க தெருவுக்கு என்ன செஞ்சீங்கன்னு.

சொத்து வரி ஏறிடுச்சுன்னு வீட்டு ஓனர் மாச வாடகைல 1,500 ரூபா கூட்டிட்டார். கேட்டா "கார்ப்பரேஷன்ல போய் கேளு"ங்கிறார்.
- வாசகி, மந்தைவெளி

அம்மா, மேல இருக்கிற அயனாவரம் கணக்கையே எடுத்துக்கோங்க. அரையாண்டுக்கு கூடுனது 1,026 ரூபா, அதை 6 மாசத்துக்கு பிரிச்சா மாசத்துக்கு 171. உங்க ஓனரோட வீடு பெருசாவே இருக்கட்டும், ரசீதைக் காட்டச் சொல்லுங்க, அசெஸ்மென்ட் நம்பர் (அந்த வீட்டோட வரிக் கணக்கு எண்) இருந்தா ஆன்லைன்லயே எவ்வளவுன்னு பாத்துடலாம். வாடகை ஒப்பந்தத்துல வருஷத்துக்கு இவ்வளவுதான் கூட்டணும்னு எழுதியிருந்தா நடுவுல வரியைக் காட்டி கூட்ட முடியாது. எழுத்துல ஒப்பந்தமே இல்லைன்னா உடனே போடுங்க. வரி உயர்வை உண்மைல சுமக்கிறது வாடகைக்கு இருக்கிறவங்கதான், சபைல நடக்கிற சண்டைல அவங்க பேர்கூட வர்றதில்ல.

நேர்மையா கட்டுறவன் ஏமாளியா? எங்க ஊர்ல நடந்ததைப் பாத்தப்புறம் கட்டவே மனசு வரல.
- வாசகர், மதுரை

உங்க கோபம் எனக்குப் புரியுது. 2025-ல மதுரை மாநகராட்சில வெளிய வந்த புகார் சாதாரணமானது இல்ல. அதிகாரிங்களோட பாஸ்வேர்டைப் பயன்படுத்தி கட்டடங்களுக்கு வரியைக் குறைச்சுப் போட்டாங்கன்னு வழக்கு, கைதுகள், மண்டலத் தலைவர்கள் ராஜினாமான்னு போச்சு. யார் குற்றவாளின்னு கோர்ட் சொல்லட்டும். ஆனா ஒரு விஷயம் யோசிங்க. ஒரு பெரிய வணிகக் கட்டடத்துக்கு கம்ப்யூட்டர்ல நாலு பட்டன் தட்டி குறைக்கிற தொகையை ஈடுகட்ட உங்களை மாதிரி எத்தனை சின்ன வீடுகளுக்கு ஏத்த வேண்டியிருக்கும்? "ஏத்தாதே"ன்னு மட்டும் கத்துறதை விட, "ஏற்கனவே வர வேண்டியதை வசூல் பண்ணுனியா"ன்னு கேக்கிறது வலுவான கேள்வி. உங்க வார்டுல வரி நிலுவை வச்சிருக்கிற பெரிய பேர்வழிகள் பட்டியலைக் கேளுங்க, அது பொதுக் கணக்குதான், ரகசியம் ஒண்ணும் இல்ல. நீங்க கட்டாம விட்டா வட்டி உங்க தலைலதான் விழும்.

எங்க வரிப்பணத்துல அம்மா உணவகத்தை நஷ்டத்துல நடத்தணுமா?
- வாசகர், அண்ணா நகர்

நடத்தணும். 2013-ல ஒரு ரூபா இட்லின்னு ஆரம்பிச்சது, காலைல அங்க வரிசைல நிக்கிறது லோடு இறக்குறவர், ஆஸ்பத்திரில ஆளை சேத்துட்டு வாசல்ல படுத்திருக்கிறவர். பசிக்கு போடுற காசை நான் நஷ்டக் கணக்குல எழுத மாட்டேன்.

ரசீதுல நூலக வரின்னு ஒண்ணு இருக்கே, நான் லைப்ரரி பக்கமே போறதில்லையே?
- வாசகர், சேலம்

1948 நூலகச் சட்டத்தோட தொடர்ச்சி அது, இப்போ சொத்து வரில ரூபாய்க்கு 10 பைசா. உங்க தெரு பையன் போட்டித் தேர்வுக்குப் படிக்க உக்கார்ற நாற்காலி அந்தக் காசுலதான் வருது. ஒருநாள் சாயங்காலம் போய்ப் பாருங்க.

வரியையும் ஏத்துறீங்க, குப்பை அள்றதையும் தனியாருக்கு கொடுக்கிறீங்க. அப்போ எங்க காசு எங்க போகுது?
- வாசகி, புளியந்தோப்பு

இந்த வாரம் வந்ததுலயே எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட கேள்வி இதுதான். 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்தாங்க, 13-ம் தேதி ராத்திரி போலீஸ் அப்புறப்படுத்துச்சு. மாசம் 23,000 கிட்ட வாங்கிட்டு இருந்த எங்களுக்கு தனியார்கிட்ட போனா பல ஆயிரம் குறையும், வேலை நிரந்தரம்ங்கிற நம்பிக்கையும் போயிடும்னுதான் அவங்க சொன்னாங்க. மாநகராட்சி பக்கம் செலவு, நிர்வாகம்னு காரணம் சொன்னாங்க.

எங்க தெருவுல காலைல ஆறு மணிக்கு ஒரு அம்மா பேட்டரி வண்டி ஓட்டிட்டு வருவாங்க. மிக்ஜாம் புயல் அடிச்சு ஓஞ்ச 2023 டிசம்பர்ல முழங்கால் தண்ணில நின்னு, ஊறிப் போன மெத்தை, அரிசி மூட்டை, செத்த கோழின்னு எல்லாத்தையும் இழுத்துப் போட்டது அவங்கதான், கைல உறை கிழிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. நான் கட்டுற வரில அந்த அம்மாவோட சம்பளமும் ஒரு பங்குன்னா சந்தோஷமா கட்டுவேன். அவங்க சம்பளத்தைக் குறைச்சு மிச்சம் பிடிக்கிறதுக்கு சிக்கனம்னு பேரு வைக்காதீங்க. வரி கூடியிருக்கு, அதே நேரத்துல அடிமட்டத்துல இருக்கிறவங்களுக்குக் கூலி குறையுதுன்னா நடுவுல அந்தக் காசு என்ன ஆச்சுன்னு கேக்க வரி கட்டுற ஒவ்வொருத்தருக்கும் உரிமை இருக்கு.

எப்போ கட்டினா லாபம்?
- வாசகர், திருப்பூர்

ஏப்ரல் 30, அக்டோபர் 31. இந்த ரெண்டு தேதிக்குள்ள அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபா.

ஏரியா சபை கூட்டத்துல, மழைநீர் வடிகால் மேல மூடி உடைஞ்சு கிடக்கு, பக்கத்து வீட்டுப் பொண்ணு ஸ்கூட்டியோட விழுந்துடுச்சுன்னு சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாங்க. நாலு மாசம் ஆச்சு, ஒரு செங்கல்கூட வைக்கல. இதுக்கு எதுக்கு கூட்டம், எதுக்கு வரி?
- வாசகி, பெரம்பூர்

நீங்க போனீங்களே, அதுக்கே நன்றிம்மா. கிராமத்துல வருஷத்துக்கு 6 கிராம சபை நடக்குது, நகரத்துல அதே மாதிரி வார்டு மக்கள் உக்காந்து கேள்வி கேக்கிற ஏரியா சபைன்னு ஒண்ணு முதல் தடவையா உக்காந்ததே 2022 நவம்பர் 1-லதான். எங்க வார்டுல நடந்தப்போ நானும் போனேன், சமுதாயக் கூடத்துல அம்பது பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தாங்க, வந்தது பதினொரு பேரு. வரி ஏறினப்போ எங்க தெருவே கொதிச்சுச்சு, கேக்கிற இடம்னு ஒண்ணு வந்தப்போ ஆள் இல்ல. அந்த வலி எனக்கு இன்னும் இருக்கு.

நோட்டுல எழுதினதோட விடாதீங்க. ஒரு வெள்ளைத்தாள் எடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்க, மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர்னு போட்டு தகவல் உரிமைச் சட்டத்துல மூணே மூணு கேளுங்க. இந்தத் தேதில நடந்த ஏரியா சபையோட தீர்மான நகல் வேணும். எங்க தெரு வடிகால் மூடி மாத்த எஸ்டிமேட் போட்டாச்சா, போட்டிருந்தா எவ்வளவு. போன வருஷம் எங்க வார்டுல வசூலான சொத்து வரி எவ்வளவு, செலவு பண்ணுனது எவ்வளவு, வேலை வாரியா. பதிவுத் தபால்ல அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க. 30 நாளைக்குள்ள பதில் தரணும். அதுவரைக்கும் அந்த உடைஞ்ச மூடி மேல ஒரு மரக்கிளையை நட்டு சிவப்புத் துணி கட்டிடுங்க, ராத்திரி வர்றவங்களுக்குத் தெரியட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்க, உங்க வார்டு கணக்கை இதே பக்கத்துல போடுறேன்.